உங்களுக்குத் தெரியுமா? பிஐடி கோப்பை அப்படியே நம்பக் கூடாது

யூனிக்ஸ் தொடக்க ஸ்கிரிப்டுகளில், ஓடும் புராசஸைப் பெயரால் தேடுவது நம்பத்தக்கதல்ல. 'பிஎஸ்' பட்டியலை 'கிரெப்' கொண்டு சலித்தால், தேடுகிற கிரெப்பே விடையாக வந்து நிற்கும். லினக்ஸ் கெர்னலோ புராசஸ் பெயரில் முதல் 15 பைட்டுகளை மட்டுமே வைத்துக்கொள்கிறது. அதற்குத்தான் சேவையின் புராசஸ் எண்ணைக் குறித்துவைக்கும் பிஐடி கோப்பு இருக்கிறதே என்பார்கள். ஆனால் சேவை திடீரெனச் செத்தால் கோப்பு மட்டும் மிஞ்சும். அதிலுள்ள எண் பிறகு வேறொரு புராசஸுக்குப் போயிருக்கலாம். ரூட் உரிமையோடு ஓடும் ஸ்கிரிப்ட் அந்த அப்பாவியைக் கொன்றுவிடும். கணினியை மறுபடி தொடங்கும்போது பழைய கோப்புகள் அழிந்துவிடுமே என்பதும் பதிலாகாது. சேவை சாவது கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதுதான்.

தாய்ப் புராசஸே சேயைக் கண்காணிப்பதுதான் உறுதியான வழி. தாய் 'வெயிட்' அழைப்பால் முடிவைப் பெறும்வரை கெர்னல் சேயின் எண்ணை வேறெதற்கும் தராது. டீமன்டூல்ஸ் என்ற சேவைக் கண்காணிப்புக் கருவித்தொகுப்பு இப்படித்தான் இயங்குகிறது. 2010இல் வந்த லினக்ஸ் சேவை மேலாளரான சிஸ்டம்டி, சேய்கள் பெற்ற புராசஸ்களையும் சிகுரூப் என்ற தொகுதிக்குள் வைத்துக் கணக்கெடுக்கிறது.