தேயிலைத் தோட்டங்களில் திட்ட அட்டவணை மென்பொருள்

திட்ட அட்டவணை மென்பொருள் என்பது ஒரு திட்டத்தின் பணிகளையும், அவற்றுக்குத் தேவைப்படும் காலத்தையும், அவை ஒன்றையொன்று சார்ந்திருக்கும் முறையையும் பதிந்து, ஒவ்வொரு பணியும் எப்போது தொடங்கி எப்போது முடியும் எனக் கணக்கிட்டுத் தரும் கணினி மென்பொருள் ஆகும். இத்தகைய பல திட்டங்களை ஒருசேர நோக்கி, பணம், ஆட்கள், இயந்திரங்கள் ஆகியவற்றை அவற்றிடையே பகிர்ந்தளிக்க உதவுவது திட்டத் தொகுப்பு மேலாண்மை மென்பொருள் எனப்படும். இவை பெரிதும் கட்டுமானத் துறையையும் தொழிற்சாலைகளையும் மனதிற்கொண்டு உருவாக்கப்பட்டவை. பருவமழையை நம்பியுள்ள வேளாண்மையில் இவற்றை அப்படியே பயன்படுத்தினால் பிழையான தேதிகளே கிடைக்கும். அதைத் தவிர்க்கும் வழிமுறைகள் நீலகிரித் தேயிலைத் தோட்டங்களை எடுத்துக்காட்டாகக் கொண்டு இங்கு விளக்கப்படுகின்றன.

வரலாறு

பணிகளைக் கிடைக்கோடுகளாகக் காட்டும் காண்ட் விளக்கப்படம், 1910களில் இதனைப் பரப்பிய அமெரிக்கப் பொறியாளர் என்றி காண்ட் என்பவரின் பெயரால் அழைக்கப்படுகிறது. 1950களின் இறுதியில் டூபாண்ட் நிறுவனம் முக்கியப் பாதை முறையையும், அமெரிக்கக் கடற்படை தனது போலாரிசு ஏவுகணைத் திட்டத்துக்காகப் பெர்ட் முறையையும் உருவாக்கின. தனிக்கணினிகள் பரவிய பின்னர் 1983இல் பிரைமவேரா நிறுவனம் தொடங்கப்பட்டது; 1984இல் மைக்ரோசாப்ட் புரொஜெக்ட் வெளிவந்தது. காண்ட்புரொஜெக்ட், புரொஜெக்ட்லிப்ரே ஆகியன கட்டற்ற மென்பொருள்கள். சிறு தோட்டங்களுக்கு இவையே போதுமானவை.

நாட்காட்டி அமைத்தல்

மென்பொருளை நிறுவியதும் முதலில் மாற்ற வேண்டியது அதன் நாட்காட்டி ஆகும். பெரும்பாலானவற்றில் திங்கள் முதல் வெள்ளி வரை, நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் என்பதே முன்னிருப்பாக உள்ளது. தோட்டங்களில் ஞாயிறு மட்டுமே வார விடுமுறை. பொங்கல், தீபாவளி ஆகியவற்றோடு, படுகர் ஊர்களில் எத்தையம்மன் பண்டிகை நாட்களையும் சேர்க்க வேண்டும்.

இதனினும் முக்கியமானது மழை. கூடலூர், பந்தலூர், தேவாலா ஆகிய மேற்குப் பகுதிகள் சூன் முதல் தென்மேற்குப் பருவமழையை மிகுதியாகப் பெறுகின்றன. குன்னூர், கோத்தகிரி ஆகிய கிழக்குச் சரிவுகளுக்கு அக்டோபர் முதல் திசம்பர் வரையான வடகிழக்குப் பருவமழையே முதன்மையானது. 2009 நவம்பரில் பெய்த பெருமழையில் நீலகிரியின் பல இடங்களில் மண்சரிவு ஏற்பட்டு 40க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர், மலைப்பாதைகளும் துண்டிக்கப்பட்டன. எனவே, ஒரே நிறுவனத்தின் தோட்டங்களாயினும், மேற்குக்கும் கிழக்குக்கும் தனித்தனி நாட்காட்டிகள் வேண்டும். திசம்பர் முதல் பிப்ரவரி வரை உறைபனி விழும் பள்ளப் பகுதிகளுக்கு மூன்றாவது ஒன்றும் தேவைப்படலாம்.

மறுநடவும் முக்கியப் பாதையும்

முதிர்ந்த செடிகளைப் பிடுங்கிவிட்டுப் புதியன நடுவது மறுநடவு ஆகும். ஐம்பது ஆண்டுகளைக் கடந்த செடிகளை மாற்றுவதற்கு உதவும் வகையில் தேயிலை வாரியம் 2007இல் சிறப்பு நிதித் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. மறுநடவு செய்யும் நிலம் பல ஆண்டுகளுக்கு வருவாய் தராது. ஆகையால் இதில் ஏற்படும் தாமதம் சிறு விவசாயியின் குடும்பத்தை நேரடியாகத் தாக்கும்.

பந்தலூர்ப் பகுதியில் உள்ள ஒரு நிலத்தைக் கருதுவோம். வறண்ட சனவரி, பிப்ரவரி மாதங்களில் பழைய செடிகள் பிடுங்கப்படுகின்றன. சூன் மழையில் மண்ணைத் தேற்றுவதற்காகக் கௌதமாலாப் புல் நடப்படுகிறது. இலங்கையில் நன்கு அறியப்பட்ட இம்முறைக்கு 18 மாதங்கள் எனக் கொண்டால், இரண்டாம் ஆண்டு நவம்பரில் புல் அகற்றப்படும். குழி எடுக்கவும் வடிகால் வெட்டவும் இரண்டு மாதங்கள். மூன்றாம் ஆண்டு சூனில் நடவு. இவ்வரிசையில் திசம்பர் முதல் மே வரை ஆறு மாதங்கள் இருக்க, வேலை இரண்டு மாதங்களே. மீதமுள்ள நான்கு மாதங்கள் நேர நெகிழ்வு எனப்படும்.

நாற்றங்காலோ தனி வரிசை. ஓரிலைத் துண்டுகளைப் பாலித்தீன் பைகளில் ஊன்றி நாற்றாக்க ஓராண்டு ஆகும் எனக் கொண்டால், இரண்டாம் ஆண்டு சூனுக்குள் அது தொடங்கியாக வேண்டும். அங்கு நெகிழ்வு ஏதும் இல்லை. நிலத்தில் நடக்கும் வேலையே கண்ணுக்குத் தெரிவதால் மேற்பார்வை முழுவதும் அங்கே செல்கிறது. முடிவுத் தேதியைத் தீர்மானிக்கும் முக்கியப் பாதையோ ஓரத்தில் உள்ள நாற்றங்கால் வழியாகச் செல்கிறது. இதனை வெளிக்காட்டுவதே இம்மென்பொருளின் தலையாய பயன் எனலாம்.

இனி நாற்றங்கால் இரண்டு மாதங்கள் தாமதமாக, ஆகத்தில் தொடங்கியது எனக் கொள்வோம். மென்பொருள் நடவைச் சூனிலிருந்து ஆகத்துக்குத் தள்ளி, 'இரண்டு மாதத் தாமதம்' எனக் காட்டும். உண்மையில் சூன், சூலை நடவுப் பருவம் தவறிவிட்டதால் அடுத்த சூன் வரை காத்திருக்க நேரும். பைகளில் நாற்றுகளும் அளவுக்கு மீறி வளர்ந்துவிடும். இழப்பு இரண்டு மாதங்கள் அன்று, ஓராண்டு. கோத்தகிரிப் பக்கமாயின் வடகிழக்குப் பருவமழையை ஒட்டிச் செப்டம்பர், அக்டோபரில் நடலாம் என்பதால் இதே தாமதம் அங்குப் பெரிதாகாது.

இதற்குத் தீர்வு, நடவுப் பணிக்கு மட்டும் தனி நாட்காட்டி அமைத்து, நடவுப் பருவ நாட்களை மட்டுமே வேலை நாட்களாக அறிவிப்பதாகும். மைக்ரோசாப்ட் புரொஜெக்டில் இவ்வசதி உண்டு. ஆயினும் ஒரு பொறி உள்ளது: நாற்றுகள் சூலைக் கடைசியில் ஆயத்தமானால், மென்பொருள் சில நாள் நடவை இவ்வாண்டிலும் எஞ்சியதை அடுத்த ஆண்டிலும் வைத்து, ஒரே பணியாகக் காட்டிவிடும். நிலத்தைச் சிறு பாத்திகளாகப் பிரித்துத் தனித்தனிப் பணிகளாகப் பதிந்தால் இது உடனே புலப்படும்.

தொடக்கத் தேதிகளைக் கையால் தட்டச்சு செய்யும் வழக்கத்தையும் கைவிட வேண்டும். அவ்வாறு செய்தால், 'இத்தேதிக்கு முன் தொடங்கக்கூடாது' என்ற கட்டுப்பாடு அப்பணியில் ஒட்டிக்கொள்ளும். பின்னர் முந்தைய பணி விரைந்து முடிந்தாலும் அட்டவணை முன்னேறாது.

கவாத்தும் திட்டத் தொகுப்பும்

தேயிலைச் செடிகளை 4 முதல் 6 ஆண்டுகளுக்கு ஒருமுறை வெட்டிச் சீராக்குவது கவாத்து ஆகும். உயரமான இடங்களில் இந்த இடைவெளி நீளும். கவாத்துக்குப் பின் சில மாதங்களுக்குக் கொழுந்து கிடைக்காது. 60 எக்டேர் கொண்ட தோட்டம் ஐந்தாண்டுச் சுழற்சியைப் பின்பற்றினால் ஆண்டுக்கு 12 எக்டேர் கவாத்து செய்யப்படும். விலை நன்றாக இருக்கும் ஆண்டில் 'இப்போது வெட்ட வேண்டாம்' எனத் தள்ளிப்போடுவது இயல்பு. அவ்வாறு இருமுறை தள்ளினால் மூன்றாம் ஆண்டில் 36 எக்டேர், அதாவது தோட்டத்தில் பாதிக்கு மேல், கவாத்துக்குக் காத்து நிற்கும். அவ்வாண்டில் தொழிலாளர்க்குப் பறிக்கும் வேலை குறையும். தொழிற்சாலையில் இயந்திரங்கள் சும்மா இருக்கும்.

இங்கு ஒவ்வொரு வயலையும் ஒரு திட்டமாகவும், தோட்டத்தை ஒரு தொகுப்பாகவும் கருத வேண்டும். தகவல் தொழில்நுட்பத் திட்டங்களைத் தனித்தனியாக எடைபோடாமல் தொகுப்பாக நோக்க வேண்டும் என 1981இல் வாரன் மெக்ஃபார்லன் எழுதியது இத்துறையின் தொடக்கங்களுள் ஒன்று. அவ்வாதம் தேயிலை வயல்களுக்கும் பொருந்தும். அந்தந்த ஆண்டில் விளைச்சலிலிருந்து விலகி நிற்கும் மொத்தப் பரப்பே பார்க்க வேண்டிய எண். மறுநடவுக்காக ஒதுக்கிய நிலமும் அதில் சேரும்.

தொகுப்பின் மேல்வரம்பை நிர்ணயிப்பது தொழிற்சாலை. ஒரு கிலோகிராம் தேயிலைத் தூளுக்கு நான்கு கிலோகிராமுக்குச் சற்று மிகையான பச்சைக் கொழுந்து தேவை. பறித்த கொழுந்தைச் சேமித்து வைக்க இயலாது. பல சிறு விவசாயிகளிடம் கொழுந்து வாங்கும் தொழிற்சாலைகள், குறிப்பாகக் குன்னூரைத் தலைமையிடமாகக் கொண்ட இன்கோசர்வ் அமைப்பின் கூட்டுறவுத் தொழிற்சாலைகள், உறுப்பினர்களின் கவாத்து ஆண்டுகளைப் பதிந்து வைத்தால் வரத்தை முன்கூட்டியே மதிப்பிடலாம்.

ஆள் பற்றாக்குறையைச் சரிசெய்யப் பல மென்பொருள்களில் 'வளச் சமன்படுத்தல்' என்னும் கட்டளை உள்ளது. எச்சரிக்கையின்றி இயக்கினால் அது கவாத்தைப் பருவத்துக்கு அப்பால் தள்ளிவிடும். மைக்ரோசாப்ட் புரொஜெக்டில் ஒரு பணிக்கு முன்னுரிமை எண் 1000 என இட்டால் அப்பணி நகர்த்தப்படுவதில்லை. பருவம் சார்ந்த பணிகளுக்கு இதனை இட்டு, வேலி, பாதைச் சீரமைப்பு போன்றவற்றை நகர விடலாம்.

முன்னேற்றத்தைப் பதிதல்

'50 விழுக்காடு முடிந்தது' என்று எழுதுவது பெரும்பாலும் பாதி நாட்கள் கழிந்தன என்பதையே குறிக்கும். வெட்டிய எக்டேர், எடுத்த குழி, உயிருடன் உள்ள நாற்று என எண்ணக்கூடியவற்றையே பதிய வேண்டும். நாற்றங்காலில் ஊன்றியவை அனைத்தும் பிழைப்பதில்லை என்பதால் கடைசி எண்ணிக்கை இன்றியமையாதது. முதலில் ஒப்புக்கொண்ட அட்டவணையை அடிப்படைத் திட்டமாகச் சேமித்து, புதிய தேதிகளை அதன்மேல் எழுதாமல் அருகருகே வைத்து ஒப்பிட வேண்டும்.

கொழுந்து பறிக்கும் சுற்றுகளை இம்மென்பொருளில் இடுவது வீண்வேலை. அவற்றின் இடைவெளி வெப்பத்தையும் மழையையும் பொறுத்து வாரந்தோறும் மாறும். நூற்றுக்கணக்கான கோடுகள் சேர்ந்து படமே படிக்க முடியாததாகிவிடும். அதற்கு, எந்த வயலில் கடைசியாக எப்போது பறித்தனர் என்று எழுதி வைக்கும் தோட்ட அலுவலகக் கரும்பலகையே இன்றும் சிறந்த கருவி.