பிக்கப் வண்டியில் ஏணித் தாங்கி

மதுக்கரைப் பக்கத்துத் தோப்புக்காரர்கள் தேங்காய் பறிக்கவும் கொட்டகை செப்பனிடவும் வேண்டிய ஏணிகளைப் பிக்கப் வண்டிகளில் கொண்டுசெல்வது வழக்கம். ஏணியை வண்டிக் கூரைமேல் சாய்த்து ஒரே கயிற்றால் கட்டுவது பேரபாயமாகும். இவ்வூர் பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு வாயிலை அடுத்தது. ஆனி, ஆடி மாதங்களில் வீசும் மேல்காற்று, தெற்கு நோக்கும் பொள்ளாச்சிச் சாலையில் வண்டியைப் பக்கவாட்டில் தாக்கும். அச்சமயம் ஏணி நழுவினால் பின்வருவோரின் உயிருக்கே சேதம் நேரும்.

பொருத்தும் முறை: சரக்குத் தொட்டியின் முன்னும் பின்னும் ஒவ்வோர் இரும்புச் சட்டம் நிறுத்தி, தொட்டியின் கனமான கம்பங்களில் போல்ட்டுகளால் முடுக்க வேண்டும். டிரைவர் கூரையில் துளையிடலாகாது. மெல்லிய அத்தகட்டில் நீர் இறங்கித் துருவேறும். குறுக்குக் குழாய்களில் ரப்பர் சுற்றி, ஏணியை நான்கு மூலைகளிலும் தனித்தனியே கட்டுதல் அவசியம். பொருத்துமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரித்துக்கொள்வது உத்தமம்.

பராமரிப்பு: புதுப் போல்ட்டுகள் ஓட்டத்தில் தளர்வது இயல்பு. ஒரு வாரத்தில் மறுபடி முடுக்கி, பின்னர் மாதந்தோறும் சோதிக்க வேண்டும். வெல்டிங் இணைப்பில் விரிசல் கண்டால் உடனே பழுது பார்க்க வேண்டும். துருவைச் சுரண்டி ரெட் ஆக்சைடு பூசுக. நைந்த கயிற்றை விலக்குக.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019-ஆம் வருஷத் திருத்தப்படி, சுமை அனுமதித்த அளவுக்கு மேல் வெளியே நீண்டிருந்தால் அபராதம் 20,000 ரூபாய். ஆகையால் நீண்ட மூங்கில் ஏணிக்குப் பதிலாக, இரண்டாக மடங்கும் அலுமினிய ஏணியே சாலைக்கு ஏற்றது. கிராம அதிகாரிகள் இவ்விஷயத்தைக் குடிகளுக்கு எடுத்துரைப்பது நலம்.