சாட்சி சொல்ல அஞ்ச வேண்டாம்: நீதிமன்றத்தில் காணொலி வழி பாதுகாப்பு

பாதிக்கப்பட்ட குழந்தை சாட்சி சொல்ல வர வேண்டும் என்று சம்மன் வந்ததும், வீட்டில் முதலில் எழும் கேள்வி இதுதான்: "அவன் எதிரில் நம் பிள்ளையைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டுமா?"

இந்த அச்சத்தாலேயே வழக்கைக் கைவிடும் குடும்பங்கள் உண்டு. ஆனால், குற்றம் சாட்டப்பட்டவரின் முகத்தைப் பார்க்காமலேயே சாட்சி சொல்லச் சட்டம் வழி செய்திருக்கிறது. பலருக்கு அது தெரிவதில்லை.

சாட்சி பயந்தால் என்ன ஆகும்?

2002 மார்ச் 1 அன்று வதோதராவில் பெஸ்ட் பேக்கரி எரிக்கப்பட்டு 14 பேர் கொல்லப்பட்டதை நம் சமுதாயம் மறக்க முடியாது. சாட்சிகள் பலர் பிறழ்சாட்சிகளானதால், 2003-ல் விரைவு நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட 21 பேரையும் விடுதலை செய்தது. 2004 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தலையிட்டு, வழக்கை மகாராஷ்டிராவில் மறுவிசாரணை செய்ய உத்தரவிட்டது. சாட்சிக்குப் பாதுகாப்பு இல்லையென்றால் நீதி இல்லை என்பதை நாடே உணர்ந்த வழக்கு அது.

சட்டம் என்ன சொல்கிறது?

குற்றம் சாட்டப்பட்டவரின் முன்னிலையில்தான் சாட்சியம் பதிவாக வேண்டும் என்பது பொதுவிதி. "முன்னிலை" என்றால் ஒரே அறையில் இருந்தாக வேண்டுமா? தேவையில்லை, காணொலி வழியாகவும் சாட்சியம் பதியலாம் என்று பிரபுல் தேசாய் வழக்கில் 2003-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு சாக்ஷி வழக்கில், பாலியல் வன்முறைக்கு ஆளானவர் குற்றம் சாட்டப்பட்டவரைப் பார்க்காதபடி திரை போன்ற ஏற்பாடு செய்ய வேண்டும், போதிய இடைவேளை தர வேண்டும் என்று கூறியது.

2012-ன் போக்ஸோ சட்டம் இதை இன்னும் உறுதியாக்கியது. அதன் 36-வது பிரிவின்படி, சாட்சியம் சொல்லும்போது குழந்தை எந்த வகையிலும் குற்றம் சாட்டப்பட்டவரின் எதிரில் வராதபடி சிறப்பு நீதிமன்றம் பார்த்துக்கொள்ள வேண்டும். இதற்குக் காணொலி, ஒருபுறம் மட்டும் தெரியும் கண்ணாடி, திரை ஆகியவற்றைப் பயன்படுத்தலாம். வழக்கறிஞர்கள் குழந்தையிடம் நேரடியாகக் கேள்வி கேட்க முடியாது. நீதிபதியிடம் தெரிவிக்க, அவர்தான் கேட்பார். விசாரணை பொதுமக்கள் இல்லாத மூடிய அறையில், பெற்றோர் அல்லது குழந்தை நம்பும் ஒருவர் உடனிருக்க நடக்கும்.

நடைமுறையில் எப்படி இருக்கும்?

சாட்சி தனி அறையில், கேமரா முன் அமர்ந்திருப்பார். நீதிபதியும் வழக்கறிஞர்களும் நீதிமன்ற அறையிலிருந்து திரையில் பார்ப்பார்கள். குற்றம் சாட்டப்பட்டவரால் சாட்சியத்தைக் கேட்க முடியும். ஆனால், அவரது முகம் சாட்சிக்குத் தெரியாதபடி ஏற்பாடு இருக்கும். சாட்சிக்கு யாரும் பதில் சொல்லிக்கொடுக்கவில்லை என்பதையும் நீதிமன்றம் உறுதி செய்துகொள்ளும்.

"இது எதிர்த்தரப்புக்கு அநீதி ஆகாதா?" என்று சிலர் கேட்கலாம். ஆகாது. குறுக்கு விசாரணை செய்யும் உரிமை அவர்களுக்கு அப்படியே இருக்கிறது. நிரபராதி ஒருவர் தவறாகச் சிக்கிவிடக் கூடாது என்பதற்கு அந்த உரிமை அவசியம். சாட்சியை மிரட்டுவதற்கான வாய்ப்பு மட்டுமே இங்கு அடைக்கப்படுகிறது.

யாருக்கெல்லாம் கிடைக்கும்?

குழந்தைகளுக்கு மட்டும் என்று எண்ண வேண்டாம். 2022 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் "எளிதில் பாதிப்புக்குள்ளாகும் சாட்சி" என்பதன் பொருளை விரிவாக்கியது. பாலியல் வன்முறைக்கு ஆளான எந்த வயதினரும், ஆண் பெண் வேறுபாடின்றி, இதில் அடங்குவர். மனநலப் பாதிப்பு உள்ளவர்கள், பேச்சு, செவித்திறன் குறைபாடு அல்லது பிற மாற்றுத்திறன் உள்ளவர்கள், மிரட்டலுக்கு ஆளான சாட்சிகள் ஆகியோரும் அடங்குவர். இவர்களுக்கென மாவட்டந்தோறும் தனி சாட்சிய மையம் அமைக்கவும் அத்தீர்ப்பு வழிகாட்டியது.

குடும்பத்தினர் செய்ய வேண்டியவை

• சாட்சியம் சொல்லும் நாள்வரை காத்திருக்காதீர்கள். அதற்கு முன்பே அரசு வழக்கறிஞரைச் சந்தித்து, காணொலி வசதி வேண்டும் என்று எழுத்துமூலம் மனு கொடுக்கச் சொல்லுங்கள்.

• மிரட்டல் இருந்தால், 2018-ன் சாட்சிகள் பாதுகாப்புத் திட்டப்படி விண்ணப்பிக்கலாம். இதை முடிவு செய்யும் மாவட்டக் குழுவின் தலைவர் மாவட்ட நீதிபதி. மிரட்டல் வந்த நாள், நேரம், தொலைபேசி எண் ஆகியவற்றைக் குறித்து வையுங்கள்.

• போக்ஸோ வழக்குகளில் குழந்தைக்கு உதவி நபர் ஒருவரை நியமிக்கும்படி குழந்தைகள் நலக் குழுவிடம் கேளுங்கள்.

• பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு. எண் 15100. குழந்தைகளுக்கான உதவி எண் 1098.

• பிள்ளைக்குப் பதில்களை மனப்பாடம் செய்விக்காதீர்கள். "நடந்ததைச் சொல், தெரியாததைத் தெரியாது என்று சொல்" என்பது போதும்.

சாட்சியத்தை மறைக்கக் கூடாது என்பதை நாம் அறிவோம். சாட்சிக்குத் தீங்கு இழைக்கப்படக் கூடாது என்பதும் திருக்குர்ஆன் 2:282 வசனத்தில் உள்ள கட்டளையே. பிள்ளையிடம் "சாட்சி சொல்" என்று கேட்கும் பெரியவர்கள், அது அச்சமின்றிச் சொல்வதற்கான ஏற்பாட்டையும் முன்கூட்டியே கேட்டுப் பெற வேண்டும். இது யாரும் காட்டும் சலுகை அல்ல, சட்டம் தந்த உரிமை.