டிராயிங் மாஸ்டரும் 250 பெட்டிகளும்

ஐம்பது வயது தாண்டியவர் யாரிடமாவது ஒரு மாங்காய் வரையச் சொல்லிப் பாருங்கள். ஒரு பக்கம் வளைந்த மூக்கு, மேலே காம்பு, காம்பை ஒட்டி இரண்டு இலை. திருநெல்வேலிக்காரர் போட்டாலும் வேலூர்க்காரர் போட்டாலும் அநேகமாக இதே மாங்காய்தான் வரும். அது மரத்தில் காய்த்ததல்ல, டிராயிங் மாஸ்டர் கரும்பலகையில் காய்க்க வைத்தது. பிள்ளைகள் பார்த்தது மாஸ்டர் போட்ட கோட்டை. மாங்காயை யாரும் வகுப்புக்குக் கொண்டுவரவில்லை. கொண்டுவந்திருந்தால் உப்பு மிளகாய்த்தூளோடு தீர்ந்திருக்கும்.

இந்தப் பழக்கத்தின் வேர் லண்டனில் இருக்கிறது. 1850-களில் ஹென்றி கோலும் ரிச்சர்டு ரெட்கிரேவும் அங்கே ஓர் ஓவியப் பாடத்திட்டத்தை வகுத்தார்கள். சவுத் கென்சிங்டன் முறை என்று அதற்குப் பேர். மொத்தம் 23 படிகள். முதலில் கோடு, பிறகு அச்சிட்ட அலங்கார வடிவங்களைப் பார்த்து வெளிக்கோடு, பிறகு நிழலிடுதல், பிளாஸ்டர் வார்ப்புகள். மனித உருவத்துக்கு வந்து சேர வெகுகாலம் ஆகும். ஒரே வார்ப்புக்கு நிழலிட வாரக்கணக்கில் உட்கார்ந்தார்கள்; ரப்பருக்குப் பதில் ரொட்டித் துணுக்கு. ஓவியரை உருவாக்குவது இதன் முதல் நோக்கமல்ல. துணிக்கும் பீங்கானுக்கும் வடிவம் போட்டுத்தர ஆலைகளுக்குக் கைகள் வேண்டியிருந்தன. சென்னையில் 1850-ல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய ஓவியப் பள்ளி, அதாவது இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரி, அதுவும் கைத்தொழிலோடு சேர்ந்துதான் வளர்ந்தது.

அரசுத் தொழில்நுட்பத் தேர்வின் ஓவியப் பிரிவு இந்த மரபின் பேரப்பிள்ளை. லோயர், ஹையர் என்று இரண்டு நிலை. டிராயிங் மாஸ்டர் வேலைக்குக் கனவு கண்டவர்கள் அதைத் தாண்டித்தான் வரவேண்டும். ஃப்ரீஹேண்ட் அவுட்லைனில் ஸ்கேலைத் தொடக்கூடாது. நடுவில் ஒரு செங்குத்துக் கோடு. இடப்பக்கம் கொடி, இலை, சுருள். வலப்பக்கத்தில் அதே வடிவம் திரும்பி வரவேண்டும். இடப்பக்கத்தைப் பலரும் போட்டுவிடுவார்கள். வலப்பக்கத்தில்தான் சாயம் வெளுக்கும். மாடல் டிராயிங் என்றால் பலகைமேல் கனசதுரம், உருளை, கூம்பு. கையை நீட்டி, பென்சிலை நிமிர்த்தி, ஒரு கண்ணை மூடி, கட்டைவிரலை நகர்த்தி உயரத்துக்கும் அகலத்துக்கும் விகிதம் எடுப்பார்கள். கேலிச்சித்திரங்களில் ஓவியர் என்றாலே இந்தத் தோரணைதான். வகுப்பில் அது வெறும் அளவுகோல்.

திருத்தம் எப்படி நடக்கும்? மாஸ்டர் பின்னால் வந்து நிற்பார். பேசமாட்டார். தோளுக்கு மேலாக ஒரு கை நீளும். பென்சிலை வாங்கி, உருளையின் அடியில் நாம் போட்ட வளைவுக்குக் கீழே அழுத்தமாக இன்னொரு வளைவு போடுவார். 'ம்' என்பார், அடுத்த பெஞ்சுக்குப் போய்விடுவார். உருளை கண்மட்டத்துக்குக் கீழே இருக்கும்போது மேல்வட்டம் ஒடுங்கித் தெரியும், அடிவட்டம் கண்மட்டத்திலிருந்து இன்னும் தள்ளி இருப்பதால் கூடுதலாகத் திறந்து தெரியும். ஆகவே அடி வளைவு அதிகம் வளைய வேண்டும். அவ்வளவுதான் விஷயம். அந்த ஒரு வரியைச் சொன்னால் பையன் ஆயுசுக்கும் குடம் குடமாக வரைவான். சொல்லமாட்டார். அவருக்குக் கற்றுக்கொடுத்தவரும் சொல்லியிருக்கமாட்டார்.

ஆனால் அவர் பார்த்த ஒன்றை இன்று யாரும் பார்ப்பதில்லை. எழுதுகிற பிடியில் பென்சில் முனையைக் கவ்விக்கொண்டிருக்கிறானா, மணிக்கட்டை மட்டும் அசைக்கிறானா, தாளைக் கோணலாக வைத்துவிட்டுப் படம் சாய்கிறது என்று புலம்புகிறானா என்பதெல்லாம் அவர் கண்ணில் பட்டுவிடும். கோடு தப்பாவதற்கு முன்பே புறங்கையில் ஒரு தட்டு விழும். அந்தத் தட்டை நான் நியாயப்படுத்தவில்லை. அது விழுந்த இடம் சரி.

இந்த வறட்டுப் பயிற்சிக்கூடத்திலிருந்து பெரிய கைகளும் வந்தன. 1929-ல் தேவி பிரசாத் ராய் சௌத்ரி சென்னைப் பள்ளிக்குத் தலைமையேற்றார்; அங்கே காற்று மாறியது. அந்தப் பள்ளியில் படித்த சில்பி, ஆனந்த விகடனின் 'தென்னாட்டுச் செல்வங்கள்' தொடருக்காகக் கோயில் கோயிலாகப் போய்ச் சிற்பங்களின் முன் உட்கார்ந்து வரைந்தார். அவருடைய கோட்டின் சுத்தம் பயிற்சியால் மட்டுமே வந்தது என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. பயிற்சி இல்லாமல் வந்திருக்காது.

இன்றைய அரசுப் பள்ளியில் அந்த மாஸ்டரின் நாற்காலி பல இடங்களில் பாதி காலி. 2012-ல் ஓவியம், உடற்கல்வி, கணினி, தொழிற்கல்வி எல்லாவற்றுக்கும் சேர்த்து 16,000-க்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்களை அரசு நியமித்தது. மாதம் 5,000 ரூபாய், வாரத்தில் மூன்று அரைநாள். பிறகு தொகையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார்கள். பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் பலமுறை சென்னைக்கு வந்து போராடினார்கள். மூன்று அரைநாளில் ஒரு பள்ளியின் அத்தனை பிள்ளைகளின் தாளையும் ஒருவர் எப்படிப் பார்ப்பது? போதாக்குறைக்கு, டிராயிங் பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்குவார். திருப்பித் தந்ததாக வரலாறு இல்லை.

அதனால் வரைய ஆசைப்படும் பிள்ளை இன்று கைபேசியை எடுக்கிறது. அங்கே குவிந்து கிடப்பதில் பெரும்பகுதி மாங்காய்தான். பத்து நிமிடத்தில் யானை, ஐந்து நிமிடத்தில் கண். பார்த்து அப்படியே போடலாம். யானை இன்னொரு பக்கம் திரும்பி நின்றால் கதை முடிந்தது. விதிவிலக்காக ஒன்றைச் சொல்லலாம். பசடேனாவில் பீட்டர் ஹானிடம் தான் கற்றதை அடித்தளமாக வைத்து இர்ஷாத் கரீம் என்பவர் உருவாக்கிய 'ட்ராபாக்ஸ்' பாடங்கள். இலவசமாகவே படிக்கலாம். கோடு, நீள்வட்டம், பெட்டி என்றுதான் தொடங்குகிறது. ரெட்கிரேவ் எழுந்து வந்தால் தன் வீட்டுப் பிள்ளை என்று அடையாளம் கண்டுகொள்வார்.

வித்தியாசம் உள்ளே இருக்கிறது. பென்சில் கிடையாது, பேனா, அழிக்க வழியில்லை. இரண்டு புள்ளி வைத்து, பேனாவைத் தாளில் படாமல் அந்தப் பாதையில் சிலமுறை ஓட்டிப் பார்த்து, பிறகு தோளிலிருந்து கையை அசைத்து ஒரே இழுப்பு. கோணினால் கோணியதுதான், மேலே திரும்பப் பூசக்கூடாது. அப்புறம் 250 பெட்டிகள். ஒவ்வொன்றும் வேறு வேறு பக்கம் திரும்பியிருக்க வேண்டும். பக்கம் நிறைந்ததும் வேறு நிறப் பேனாவை எடுத்து, ஒவ்வொரு பெட்டியின் இணைவிளிம்புகளையும் பின்பக்கமாக நீட்ட வேண்டும். நான்கு கோடுகளும் தூரத்தில் ஒரு புள்ளியை நோக்கிக் கூடினால் பெட்டி நிற்கும். விரிந்துகொண்டே போனால் எந்த விளிம்பு ஏமாற்றியது என்று தாளே காட்டிக்கொடுக்கும். மாஸ்டர் சொல்லாமல் விட்ட காரணம் இங்கே சிவப்புக் கோடாகக் கண்முன் கிடக்கிறது. என் கணக்கில் அன்றைக்கும் இன்றைக்கும் நடந்த உண்மையான மாற்றம் இதுதான்.

இன்னொரு விதி எனக்கு இன்னும் பிடிக்கும். வரையும் நேரத்தில் பாதியை மனம்போன போக்கில் வரைவதற்கே ஒதுக்கச் சொல்கிறார்கள். அந்தக் காலத்தில் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எம்.ஜி.ஆரை வரைந்து மாட்டிக்கொண்டவர்களுக்கு இது விளங்கும்.

குறைகள் இல்லாமல் இல்லை. முடிந்த தாளின் படத்தைத்தான் தூரத்தில் இருப்பவருக்கு அனுப்ப முடிகிறது. அதைப் பார்த்து அவர் பொறுமையாக, காரணத்தோடு எழுதி அனுப்புவார். தோள் அசைந்ததா மணிக்கட்டு அசைந்ததா என்று ஊகிக்கத்தான் முடியும். டேப்லெட்டில் வரைபவர்கள் நிலை இன்னும் மோசம். கையின் நடுக்கத்தைச் செயலியே வழித்துச் சீராக்கிவிடுகிறது. பிழை தெரிவதற்குள் மறைந்துவிடுவதால் கற்க ஒன்றும் மிஞ்சுவதில்லை. பாராட்டைக் கருத்து என்று எடுத்துக்கொள்வது மற்றொரு நோய். ஆயிரம் இதயக்குறிகள் விழுந்தாலும் உருளையின் அடிவட்டம் தட்டையாகத்தான் இருக்கும்.

பக்கத்தில் ஆளே இல்லாமல் கற்க முடியாதா என்றால், முடியும். 1880-ல் பெல்ஜியத்தின் சுரங்கப் பகுதியில் இருந்த வான்கோ, ஷார்ல் பார்க்கின் பயிற்சித் தாள்களை வரவழைத்துத் திரும்பத் திரும்பப் படியெடுத்தார். கரிக்கோட்டுப் பயிற்சி மட்டும் 60 தாள்கள். மூலத்தையும் தன் படியையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே அவருக்குத் திருத்தம். எல்லாருக்கும் அந்த வெறி வராது.

ஆகவே ஒரு யோசனை. இன்று ஒரு தாளில் பேனாவால் நாலைந்து பெட்டி போட்டு, விளிம்புகளை நீட்டிப் பாருங்கள். உங்கள் ஊரில் ஓய்வுபெற்ற டிராயிங் மாஸ்டர் யாராவது கட்டாயம் இருப்பார். தாளை எடுத்துக்கொண்டு போய், அவர் எதிரிலேயே இன்னும் இரண்டு பெட்டி வரையுங்கள். திருத்தினால் ஏன் என்று கேளுங்கள். இப்போது சொல்வார்.