காலம் அறிந்த பறவைகள்

பங்குனி மாதத்தின் இறுதி நாட்களில் விடியற்காலையில் கண்விழிப்போருக்கு நாட்காட்டி தேவைப்படுவதில்லை. பல மாதங்களாக வாய் திறவாதிருந்த குயில் முற்றத்து மாமரத்திலிருந்து கூவத் தொடங்கிவிட்டால், சித்திரை அருகில் வந்துவிட்டது என்பதை நம் நாட்டில் தமிழரும் சிங்களவரும் ஒருங்கே அறிவர். பனி விழும் நாடுகளில் வசந்தத்தின் வருகையைத் துளிர்க்கும் மரங்கள் சொல்லுகின்றன. பனியை அறியாத நமது வளவுகளிலோ இளவேனிலைப் பறவைகளே அறிவிக்கின்றன.

அன்பான வாசகர்களே, இந்நாட்களில் ஒரு காலைப் பொழுதையேனும் உங்கள் வீட்டு வளவில் அமைதியாக அமர்ந்து கழித்துப் பாருங்கள். வெயில் ஏறுவதற்கு முன்னதான ஒரு மணி நேரம் போதும். முருங்கைப் பூக்களில் தேன்சிட்டு தலைகீழாகத் தொங்கித் தேன் அருந்துவதைக் காண்பீர்கள். கிணற்றடியில் புலுனிகள் ஆறேழு ஒன்றாகக் கூடிச் சருகுகளைக் கிளறும். வேலியோரமாகச் செண்பகம் நிதானமாக நடந்து செல்லும். சுள்ளி பொறுக்கும் காகம் கூடு கட்டும் கவலையில் இருக்கும். உரக்கக் கூவுவது கரிய நிறமுடைய ஆண்குயில். புள்ளிகள் நிறைந்த பெண்குயிலோ அந்தக் காகத்தின் கூட்டையே மறைவிலிருந்து நோக்கிக்கொண்டிருக்கும். தன் முட்டையை அங்கேதான் அது இடவேண்டும்.

ஆனால் கூவுகின்றவற்றை மட்டும் கவனித்தால் போதாது. சத்தமின்றி விடைபெறுகின்றவையும் உண்டு. மாரி காலம் முழுவதும் மின்கம்பிகளில் வரிசையாக அமர்ந்திருந்த தகைவிலான் குருவிகளின் எண்ணிக்கை நாளுக்கு நாள் குறைந்துவருவதைக் காணலாம். சுமார் 20 கிராம் நிறையுடைய அந்தச் சிறு பறவை ஆசியாவின் வடபகுதிகளை நோக்கித் திரும்பிச் செல்லுகின்றது. ஐப்பசியில் நம்மிடம் வந்த ஆறுமணிக்குருவியும் அவ்வாறே புறப்படுகின்றது. காலையிலும் மாலையிலும் ஏறத்தாழ ஆறு மணிக்குக் குரல் கொடுப்பதால் அதற்கு அப்பெயர் உண்டாயிற்று. பச்சை, நீலம், சிவப்பு எனப் பல நிறங்களை அணிந்த அப்பறவை, வரும்போது களைப்பு மிகுதியால் வீடுகளுக்குள் வந்து விழுவதும் உண்டு. ஆறு மாதங்கள் நமது மர நிழல்களில் புழு பூச்சிகளைத் தின்று தேறிய பின்னர், ஓர் இரவில் அது எழுந்து வடக்கே இந்தியாவை நோக்கிப் பறந்துவிடுகின்றது. இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் அது கூடு கட்டவேண்டியிருக்கின்றது. இங்கே உணவு தீர்ந்துவிட்டதனால் அது செல்லவில்லை. செல்லவேண்டிய வேளை வந்துவிட்டதனால் செல்லுகின்றது.

அந்த வேளையை அதற்கு அறிவிப்பது யார்? பகற்பொழுதின் நீளம் மாறுவதைப் பறவைகளின் உடல் உணருகின்றது என்று அறிவியலாளர் கூறுகின்றனர். அதுமட்டுமன்று. ஒளியும் இருளும் ஆண்டு முழுவதும் மாறாதவாறு அமைக்கப்பட்ட அறைகளில் பறவைகளை வளர்த்து ஜேர்மனியில் ஆய்வுகள் நடத்தப்பட்டன. வெளியே என்ன பருவம் என்பதை அறிய வழியற்ற நிலையிலும், வலசை செல்லும் காலம் நெருங்கியபோது அப்பறவைகள் இரவில் உறங்காமல் தவித்தன. உடலில் கொழுப்பைச் சேமித்தன. புறப்படும் வேளையை உணர்த்தும் ஒரு கடிகாரம் அவற்றின் உள்ளேயே வைக்கப்பட்டிருக்கின்றது.

இதனைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே கவனித்தவர் எரேமியா தீர்க்கதரிசி. அவர் பிறந்த ஆனதோத்து ஊர் எருசலேமுக்கு வடகிழக்கே, வனாந்தரத்தின் விளிம்பில் இருந்தது. ஆபிரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்குத் திரும்பும் செங்கால் நாரைகள் கடலின் மேல் நெடுந்தூரம் பறக்க இயலாதவை. நிலத்திலிருந்து எழும் வெப்பக் காற்றே அவற்றை உயரத் தூக்கிச் செல்லுகின்றது. ஆகவே இலட்சக்கணக்கான நாரைகள் இளவேனிலில் யோர்தான் பள்ளத்தாக்கின் வழியாகவே வடக்கே போகின்றன. இன்றும் ஆண்டின் இரு வலசைக் காலங்களிலும் ஏறத்தாழ 50 கோடிப் பறவைகள் அந்நாட்டின் வானத்தைக் கடப்பதாக மதிப்பிடப்படுகின்றது. எரேமியா அண்ணாந்து பார்த்த வானம் அதுவே. நாரையும் புறாவும் கொக்கும் தகைவிலானும் தங்கள் காலத்தை அறிந்திருக்கின்றன, என் மக்களோ அறியவில்லை என்று ஆண்டவர் வருந்துவதாக அவர் எழுதினார் (எரேமியா 8:7). நாரைக்கு எபிரேய மொழியில் வழங்கும் பெயர், மாறாத அன்பைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது என்பதையும் இங்கே நினைவுகூரலாம்.

அந்த வருத்தத்தின் பொருளை அதே அதிகாரத்தின் முன்வசனங்கள் விளக்குகின்றன. விழுந்தவன் எழுந்திருப்பது இயல்பு. வழிதவறியவன் திரும்பி வருவதும் இயல்பு. இந்த மக்கள் மட்டும் ஏன் திரும்ப மறுக்கிறார்கள் என்பதே அங்கே எழும் கேள்வி. காலத்தை அறிவது என்பது திரும்பவேண்டிய வேளையை அறிவது. பறவை திரும்பாமல் இருக்க இயலாது. அது அதன் படைப்பின் நியதி. மனிதனுக்கோ மறுக்கும் உரிமை கொடுக்கப்பட்டிருக்கின்றது. ஆகையால் பறவையின் திரும்புதலை ஒருவரும் புண்ணியமாக எண்ணுவதில்லை. மனிதனின் திரும்புதலுக்கோ பரலோகத்தில் மகிழ்ச்சி உண்டாகின்றது.

தவக்காலமும் உயிர்த்த ஞாயிறும் சித்திரைப் புத்தாண்டும் அடுத்தடுத்து வரும் பருவம் இது. புத்தாடை வாங்குகிறோம், வீட்டுக்கு வெள்ளை அடிக்கிறோம், ஆலயத்துக்குச் செல்லுகிறோம். ஆயினும் காணியின் எல்லைக்காகவோ சீதனத்துக்காகவோ எப்போதோ சொன்ன ஒரு சொல்லுக்காகவோ பேச்சை நிறுத்திக்கொண்ட உடன்பிறப்புகள் நம்மிடையே எத்தனை பேர்! வேலிக்கு இப்பால் ஒரு குடும்பம், அப்பால் ஒரு குடும்பம். ஒரே குயிலின் குரலை இரு வீட்டாரும் கேட்கின்றனர். அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று இரு வீட்டாரும் எண்ணுகின்றனர். வீட்டின் மூத்தவர் கண்மூடிய பின்னர், செத்த வீட்டில்தான் ஒருவரையொருவர் பார்க்கிறோம். அப்போது சிந்தும் கண்ணீர் உண்மையானதே. ஆனால் யாருக்காகச் சமாதானம் செய்திருக்கவேண்டுமோ அவர் அதனைக் காண்பதில்லை. காணிக்கையைப் பலிபீடத்தின் முன்னே வைத்துவிட்டு, முதலில் சகோதரனிடம் போய் ஒப்புரவாகும்படி இயேசு பணித்தது இதற்காகவே (மத்தேயு 5:23, 24).

ஆகவே, அன்பானவர்களே, இந்த வாரம் வளவில் ஒரு மண்சட்டியில் தண்ணீர் வையுங்கள். சித்திரை வெயிலில் பறவைகளுக்கு அது பேருதவியாகும். அவை வந்து குடிப்பதைப் பிள்ளைகளோடு சேர்ந்து பாருங்கள். எவை வந்திருக்கின்றன, எவற்றைக் காணவில்லை என்று அவர்களிடம் கேளுங்கள். ஆறுமணிக்குருவியின் குரல் ஒரு மாலையில் கேட்காமற்போனால், அது தன் வேளையை அறிந்து புறப்பட்டுவிட்டது என்று சொல்லிக்கொடுங்கள். அதன்பின் நீங்களும் எழுந்து, போகவேண்டிய அந்த வீட்டுப் படலையைத் திறவுங்கள். காலங்களை வகுத்த ஆண்டவர் உங்களுக்கு முன்னே செல்வாராக.