சம்பளத்துக்கு மேல் உழைக்க வேண்டுமா? மூஸா நபியின் ஒப்பந்தம் காட்டும் வழி

சென்னையில் ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் மகன் இரவு எட்டு மணிக்கு லேப்டாப்பை மூடி வைக்கிறான். ஜித்தாவில் இருபது வருடம் கடை வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய அத்தாவுக்கு அது பிடிக்கவில்லை. "நாங்கல்லாம் மணியைப் பார்த்தா வேலை செஞ்சோம்? முதலாளி சொல்றதுக்கு முன்னாடியே செஞ்சு வைப்போம்" என்கிறார். "அதனாலதான் அத்தா, இருபது வருஷத்துல ஓவர்டைம் காசுன்னு ஒரு ரியால்கூட உங்களுக்கு வரல" என்று மகன் சொல்கிறான். அதோடு சாப்பாட்டில் பேச்சு நின்றுவிடுகிறது.

ஆளும் ஊரும் மாறினாலும் இந்தப் பேச்சு இப்போது நம் வீடுகள் பலவற்றில் கேட்கிறது. 2023 அக்டோபரில் இன்ஃபோசிஸ் நிறுவனர் நாராயண மூர்த்தி, நாட்டின் இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று சொன்னபோது நாடெங்கும் இதே வாக்குவாதம்தான் நடந்தது. அதற்கு முந்தைய ஆண்டில் சமூக ஊடகங்களில் வேறொரு குரல் பரவியது: சம்பளத்துக்குச் சொன்ன வேலையை மட்டும் செய், ஒரு துளியும் கூடுதலாகச் செய்யாதே. அதற்கு 'கொயட் க்விட்டிங்' என்று பெயரும் வைத்தார்கள். இந்த இரண்டில் எதன் பக்கம் நிற்பது என்று குழம்பும் பிள்ளைகளுக்கு நாம் என்ன சொல்லப் போகிறோம்?

திருக்குர்ஆனில் இந்தக் கேள்விக்கு மிக நெருக்கமான ஒரு சம்பவம் இருக்கிறது. கஸஸ் அத்தியாயத்தின் 23 முதல் 28 வரையுள்ள வசனங்களை ஒருமுறை நிதானமாக ஓதிப் பாருங்கள்.

எகிப்திலிருந்து தப்பி வந்த மூஸா (அலை) அவர்கள் மத்யன் நகரின் நீர்த்துறைக்கு வருகிறார்கள். கையில் எதுவும் இல்லை, தெரிந்தவர் யாரும் இல்லை. ஆடுகளை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கும் இரண்டு பெண்களைப் பார்த்து விசாரிக்கிறார்கள். மற்ற மேய்ப்பர்கள் போகும்வரை தங்களால் தண்ணீர் காட்ட முடியாது, தந்தையோ முதியவர் என்று அப்பெண்கள் சொல்கிறார்கள். அவர்களுடைய ஆடுகளுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு, மூஸா நபி நிழலில் போய் அமர்ந்து அல்லாஹ்விடம் தம் தேவையைச் சொல்கிறார்கள். அந்தப் பெண்களிடம் கூலி கேட்கவில்லை. பிறகு அந்தப் பெண்களில் ஒருவர் வந்து, செய்த வேலைக்குக் கூலி தருவதற்காகத் தந்தை அழைக்கிறார் என்கிறார். கேட்காமல் செய்யப்பட்ட உதவிதான், அதைப் பெற்றவரோ 'சும்மா செய்தாரே' என்று விட்டுவிடவில்லை. இதை நாம் அதிகம் கவனிப்பதில்லை.

அதன் பிறகுதான் வேலை பற்றிய பேச்சு வருகிறது. அவரை வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று மகள் சிபாரிசு செய்யும்போது சொல்லும் தகுதிகள் இரண்டு: வலிமை, நம்பகத்தன்மை. அந்தப் பெரியவர் தம் மகள்களில் ஒருவரை மணமுடித்துத் தருவதாகச் சொல்லி, அதற்கு ஈடாக எட்டு ஆண்டுகள் வேலை செய்ய வேண்டும் என்கிறார். பத்தாக நிறைவு செய்தால் அது உம் விருப்பம், உமக்குச் சிரமம் கொடுக்க நான் நாடவில்லை என்றும் சேர்த்துக்கொள்கிறார். மூஸா நபியோ, இரண்டு தவணைகளில் எதை நிறைவேற்றினாலும் என்மீது குற்றம் இருக்கக் கூடாது என்று சொல்லி, அல்லாஹ்வைச் சாட்சியாக்குகிறார்கள்.

இந்த ஒப்பந்தத்தில் எட்டு ஆண்டு கடமை, மேலும் இரண்டு ஆண்டு உபரி. ஃபர்ளையும் நஃபிலையும் போல இரண்டும் முதல் நாளிலேயே தனித்தனியாகப் பிரித்து வைக்கப்பட்டுவிட்டன. உபரியைக் கேட்பவரே அது கடமையில்லை என்று வாய்திறந்து சொல்கிறார். வேலைக்கு வருபவரும் நெகிழ்ந்துபோய் 'பத்து ஆண்டு செய்கிறேன்' என்று அங்கேயே வாக்குக் கொடுத்துவிடவில்லை. எட்டோடு நின்றாலும் தம்மைக் குறை சொல்லக் கூடாது என்று உறுதி வாங்குகிறார்கள். அல்லாஹ்வின் தூதர் ஒருவரே தம் உரிமையை இவ்வளவு தெளிவாகப் பேசிக்கொண்டார்கள் என்றால், இன்டர்வியூவில் வேலை நேரம் என்ன என்று கேட்பதை மரியாதைக் குறைவாக நினைக்கும் நம் பிள்ளைகளுக்கு அதில் செய்தி இருக்கிறது.

கடைசியில் எத்தனை ஆண்டு செய்தார்கள்? இரண்டில் நீண்டதையும் சிறந்ததையுமே நிறைவேற்றினார்கள் என்று இப்னு அப்பாஸ் (ரலி) விளக்கம் அளித்தது புகாரியில் பதிவாகியிருக்கிறது. ஆக, அத்தா சொல்வதற்கும் மகன் சொல்வதற்கும் இந்த ஒரே சம்பவத்தில் இடம் இருக்கிறது.

ஆனால் உபரியைப் பற்றிப் பேசும் முன் எட்டு ஆண்டு நிறைவாக வேண்டும். நம்மில் பலர் சறுக்குவது இங்கேதான். அளவையில் மோசடி செய்வோரைக் கண்டித்து இறங்கிய முதஃப்பிஃபீன் அத்தியாயத்தைத் தராசோடும் படியோடும் மட்டும் நிறுத்திவிடுகிறோம். வாங்கும்போது முழுசாக அளந்து வாங்கி, கொடுக்கும்போது குறைப்பதுதான் அங்கே கண்டிக்கப்படும் குணம். மாதம் முடிந்ததும் சம்பளத்தை ஒரு ரூபாய் குறையாமல் எதிர்பார்த்துவிட்டு, ஒன்பதரைக்கு வரவேண்டிய இடத்துக்குப் பத்தேகாலுக்கு வருவதும், வேலை நேரத்தில் ரீல்ஸ் பார்ப்பதும் இந்த வகையில் சேராது என்று நாம் எப்படிச் சொல்ல முடியும்?

ஃபிக்ஹ் சட்ட அறிஞர்கள் கூலிக்கு வேலை செய்பவர்களை இரு வகையாகப் பிரிக்கிறார்கள். தையல்காரர் போலப் பலரிடமும் வேலை வாங்கி, செய்து கொடுத்த வேலைக்குக் கூலி பெறுபவர் ஒரு வகை. ஒரே முதலாளியிடம் குறிப்பிட்ட நேரத்தை ஒப்படைத்துச் சம்பளம் பெறுபவர் இன்னொரு வகை. இந்த இரண்டாவது வகையினருக்கு, ஒப்புக்கொண்ட நேரம் முதலாளியின் உரிமை. ஃபர்ளு தொழுகைக்கான நேரம் அதிலிருந்து விலக்கப்பட்டது. நஃபில் அப்படியல்ல. ளுஹர் தொழப்போய், முதலாளியின் அனுமதி இல்லாமல் முக்கால் மணி நேரம் நஃபிலும் திக்ருமாக உட்கார்ந்திருப்பவர், தம் கணக்கில் உபரி சேர்ப்பதாக நினைத்து அடுத்தவர் கணக்கிலிருந்து எடுக்கிறார். சொல்லக் கஷ்டமாக இருந்தாலும் சொல்லித்தான் ஆகவேண்டும், ஏனெனில் இதனால் பின்னால் வரும் முஸ்லிம் இளைஞருக்கு ஜும்ஆ தொழ அனுமதி கிடைப்பதுகூடச் சிக்கலாகிவிடுகிறது.

கடமையையே விலைக்கு விற்பது இன்னொரு மோசடி. அரசு அலுவலகத்தில் ஃபைலைச் சீக்கிரம் நகர்த்திக் கொடுத்துவிட்டு, 'கூடுதல் உதவி செய்தேன், அன்பளிப்பாகக் கொடுத்தார்' என்பவர்கள் இருக்கிறார்கள். ஜகாத் வசூலிக்க அனுப்பப்பட்ட ஒருவர், இது உங்களுக்கு, இது எனக்குக் கிடைத்த அன்பளிப்பு என்று பிரித்து வைத்தபோது, அவர் தம் தாய் தந்தையர் வீட்டில் உட்கார்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு வந்திருக்குமா என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டது நாம் அறிந்த ஹதீஸ்தான்.

சரி, எட்டு நிறைவாகிவிட்டது. அதற்கு மேல்?

நஹ்ல் அத்தியாயத்தின் 90ஆவது வசனம் நீதியையும் இஹ்ஸானையும் அடுத்தடுத்து வைத்து ஏவுகிறது. கொடுக்க வேண்டியதைக் குறையாமல் கொடுப்பது நீதி. அதைத் தாண்டி அழகுறச் செய்வது இஹ்ஸான். ஷிஃப்ட் முடியும் நேரத்தில் மருந்துச்சீட்டு புரியாமல் நிற்கும் பாட்டிக்கு ஐந்து நிமிடம் நின்று விளக்கும் நர்ஸ், புதிதாக வந்த பையனுக்குத் தொழிலைப் பதுக்காமல் சொல்லிக் கொடுக்கும் மேஸ்திரி, பின்தங்கிய மாணவனுக்காக மதிய இடைவேளையில் பத்து நிமிடம் ஒதுக்கும் ஆசிரியை, இவர்கள் யாரும் நிறுவனத்துக்காக அதைச் செய்யவில்லை. எதிரில் நிற்கும் மனிதருக்காகவும் அல்லாஹ் பார்க்கிறான் என்பதற்காகவும் செய்கிறார்கள். இப்படிப்பட்ட வேலையைத் தயங்காமல் செய்யுங்கள் என்றே நம் பிள்ளைகளுக்குச் சொல்வோம். மேலதிகாரி கண்ணில் படுவதற்காக இரவு பதினொரு மணிக்கு மெயில் அனுப்புவது வேறு விஷயம். அது முகஸ்துதிக்கு எவ்வளவு பக்கம் என்பதை அவரவர் மனதைக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

இஹ்ஸான் என்றால் வேலைக்காரர் முதலாளிக்குச் செய்வது என்றே நாம் எடுத்துக்கொள்கிறோம். ஆனால் வேலை விஷயத்தில் இஹ்ஸானுக்கு நாம் அறிந்த மிகப் பெரிய உதாரணம் ஒரு முதலாளியுடையது. பாறை அடைத்துக்கொண்ட குகையில் சிக்கிய மூவரின் சம்பவத்தில், கூலித் தானியத்தை வாங்காமல் போய்விட்ட ஒரு வேலைக்காரர் வருகிறார். முதலாளி அந்தத் தானியத்தை விதைத்துப் பெருக்கி, அதிலிருந்து மாடுகளையும் மேய்ப்பவரையும் சேர்த்து வைக்கிறார். பிறகு ஒருநாள் வேலைக்காரர் வந்து கூலியைக் கேட்டபோது, எல்லாவற்றையும் ஓட்டிக்கொண்டு போகச் சொல்கிறார். என்னைக் கேலி செய்கிறீர்களா என்று கேட்கிறார் வேலைக்காரர். கொடுக்க வேண்டியிருந்தது கொஞ்சம் தானியம், கொடுத்தது ஒரு மந்தை. அந்த அமலை முன்வைத்துத்தான் அவர் அல்லாஹ்விடம் துஆ செய்தார், பாறையும் நகர்ந்தது.

நம் சமுதாயம் வியாபாரச் சமுதாயம். வாணியம்பாடி, ஆம்பூர் தோல் தொழிற்சாலைகள் முதல் தெருமுனை பிரியாணிக் கடை வரை, வேலை கொடுப்பவர்கள் நம்மில் ஏராளம். அதனால் இந்தக் கேள்வியை வேலை செய்பவரிடம் மட்டும் கேட்பது நியாயமாகாது.

நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது? 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டப்படி, கடை ஊழியருக்கு வேலை நேரம் ஒரு நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி. கூடுதல் நேரம் சேர்த்தும் நாளுக்கு 10, வாரத்துக்கு 54 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. அந்தக் கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்பு ஊதியம். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமும் மிகைநேரத்துக்கு இரட்டிப்பு ஊதியம் என்றே விதித்தது. கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழக அரசு 2021இல் திருத்தமே கொண்டுவந்தது. நாள் முழுக்க நிற்க வைக்கும் பழக்கம் இருந்ததால்தானே அப்படி ஒரு சட்டம் தேவைப்பட்டது? வளைகுடாவிலும் விதிகள் தெளிவு. சவூதியில் நாளுக்கு 8 மணி நேரம், ரமலானில் முஸ்லிம்களுக்கு 6 மணி நேரம், கூடுதல் நேரத்துக்கு மணிக் கூலியோடு அடிப்படைச் சம்பளத்தில் 50 சதவீதம் சேர்த்துத் தர வேண்டும். அமீரகத்தில் அந்தக் கூடுதல் 25 சதவீதம், இரவு 10 முதல் காலை 4 மணி வரை என்றால் 50 சதவீதம்.

இதைக் கொடுப்பது இஹ்ஸான் அல்ல, வெறும் நீதி. வேலையை முழுமையாக வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காதவருக்கு எதிராக மறுமையில் தானே வழக்காடப் போவதாக அல்லாஹ் கூறும் ஹதீஸ் குதுஸி புகாரியில் இருக்கிறது. பத்து மணி நேர வேலை வாங்கி எட்டு மணி நேரச் சம்பளம் தருபவர், மீதி இரண்டு மணி நேரத்தைப் பொறுத்தவரை அந்த எச்சரிக்கைக்கு வெளியே இருக்கிறார் என்று எண்ணிக்கொள்ள இடமில்லை. 'அவனே விரும்பித்தான் இருக்கிறான்' என்பார்கள். விசா முதலாளி கையில் இருக்கும்போது, ஊரில் தங்கை கல்யாணம் நிற்கும்போது, சரி என்று சொன்ன அந்தச் சொல்லில் விருப்பம் எவ்வளவு, பயம் எவ்வளவு? மத்யன் பெரியவர், சிரமப்படுத்த நாடவில்லை என்று முதலிலேயே சொன்னது அந்தப் பயத்தை எடுத்துவிடத்தான் என்று நமக்குத் தோன்றுகிறது.

கூடுதல் வேலையே வாங்கக் கூடாதா என்று கடைக்காரர்கள் கேட்கலாம். சீசன் நேரத்தில் அது நடைமுறைக்கு ஒத்துவராது என்பது நமக்கும் தெரியும். தங்கள் கீழிருக்கும் பணியாளர்கள் மீது சக்திக்கு மீறிய சுமையை ஏற்றக் கூடாது, ஏற்றினால் தாங்களும் உதவ வேண்டும் என்பது அபூதர் (ரலி) அறிவிக்கும் நபிமொழியின் கருத்து. அடிமைகள் விஷயத்திலேயே இப்படி என்றால் சுதந்திரமான தொழிலாளிக்கு எப்படி? இரவு ஸ்டாக் எடுக்க ஆட்களை நிறுத்தினால் முதலாளியும் கூட நின்று எடுக்கட்டும், அந்த நேரத்துக்குக் கூலியும் எழுதப்படட்டும்.

இன்னொரு பக்கம் வீடு. கூடுதலாகக் கொடுக்கும் நேரம் யாருடைய பங்கிலிருந்து போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். அபுத்தர்தா (ரலி) வணக்கத்திலேயே மூழ்கி மனைவியையும் உடலையும் மறந்திருந்தபோது, இறைவனுக்கும் உடலுக்கும் குடும்பத்துக்கும் உரிமை உண்டு, அவரவர் உரிமையை அவரவருக்குக் கொடுங்கள் என்று ஸல்மான் (ரலி) சொன்னார்கள். ஸல்மான் சொன்னது உண்மை என்று நபி (ஸல்) அவர்களும் உறுதிப்படுத்தினார்கள். நஃபிலான வணக்கத்துக்கே இந்த வரம்பு. தூங்கப் போகும் பிள்ளையைத் தள்ளிவிட்டு ஆபீஸ் வாட்ஸ்அப்புக்குப் பதில் அனுப்புவதற்கு வரம்பு இல்லாமல் போகுமா? ஒரு வாரம் அவசரம் என்றால் வீடு பொறுத்துக்கொள்ளும். வருடம் முழுக்க அவசரம் என்றால், அந்த இடத்தில் இன்னும் இரண்டு பேரை வேலைக்கு எடுக்க வேண்டியிருக்கிறது என்றுதான் அர்த்தம்.

வேலைக்குச் சேரும் பிள்ளைகள் நேரம், விடுமுறை, தொழுகை இடைவேளை, கூடுதல் நேரக் கணக்கு ஆகியவற்றைக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. தவணை வைத்துக் கடன் கொடுத்தால் எழுதிக்கொள்ளச் சொன்ன மார்க்கம் இது. பிறகு கூடுதல் வேலை வரும்போது, 'இன்றைக்கு முடித்துத் தருகிறேன் சார், இது வழக்கமாகப் போகிறது என்றால் உட்கார்ந்து பேசுவோம்' என்று சொல்வதில் அமானிதத்துக்கும் குறைவில்லை, அதபுக்கும் குறைவில்லை.

வருகிற ரமலானில் ஒன்றைக் கவனித்துப் பாருங்கள். கடைசிப் பத்தில் நம் கடைவீதிகளில் ஜவுளிக் கடையும் தையல் கடையும் ஸஹர் நேரம் வரை திறந்திருக்கும். முதலாளி இஃதிகாஃப் இருப்பார், அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக. அவர் கடையில் துணி மடித்துக்கொண்டிருக்கும் பையனுக்கு தராவீஹும் இல்லை, கியாமுல்லைலும் இல்லை, பல இடங்களில் அந்த நேரத்துக்குக் கூலியும் இல்லை. பையன்களை இரண்டு அணியாகப் பிரித்து ஒருநாள் விட்டு ஒருநாள் பள்ளிக்கு அனுப்பலாம். ஒற்றைப்படை இரவுகளில் கடையைக் கொஞ்சம் முன்னதாகச் சாத்தலாம். கூடுதல் நேரத்துக்கான காசைப் பெருநாளைக்கு முன்பே, போனஸோடு கலக்காமல், தனிக் கவரில் கொடுக்கலாம். இந்த ரமலானுக்கு எந்தக் கடை முதலில் செய்கிறது என்று பார்ப்போம், இன்ஷா அல்லாஹ்.