அசாதாரணத் திறமைக்கான அமெரிக்க விசா: தகுதிக்கு அப்பாலும் ஒரு வரிசை

அமெரிக்காவில் நிரந்தரமாகத் தங்கி ஆய்வு செய்ய விரும்பும் வெளிநாட்டு விஞ்ஞானிகளில் பலர், அதற்குத் தமது பணிவழங்குநரையே சார்ந்திருக்க வேண்டியுள்ளது. ஆய்வுக்கூடத்துக்கான நிதி நின்றால் வேலை போகும். வேலையுடன் அங்கு தங்கியிருக்கும் உரிமையும் கேள்விக்குள்ளாகும். இந்தச் சார்பிலிருந்து விடுபட அந்நாட்டுச் சட்டம் வைத்துள்ள வழிகளில் முக்கியமானது, 'அசாதாரணத் திறமை' உடையோருக்கான குடிவரவு விசா.

1990ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டத்தால் உருவான இது, இ.பி.-1 எனப்படும் முதல் முன்னுரிமைப் பிரிவைச் சேர்ந்தது. இதற்குப் பணிவழங்குநர் தேவையில்லை. ஐ-140 என்ற மனுவை விஞ்ஞானி தாமே தாக்கல் செய்யலாம். ஆயினும், அமெரிக்காவில் தமது துறையிலேயே பணியைத் தொடரவுள்ளார் என்பதை அவர் காட்ட வேண்டும்.

பத்தில் மூன்று

தமது துறையின் உச்சத்தை எட்டிய மிகச் சிலரில் ஒருவராக இருக்க வேண்டும் என்பது விதி. நோபல் பரிசு போன்று உலகளவில் மதிக்கப்படும் பெரும் விருது ஒன்று இதற்குச் சான்றாகும். அது இல்லாதோர் பத்து அளவுகோல்களில் குறைந்தது மூன்றை நிறைவு செய்ய வேண்டும்.

ஆய்வுக் கட்டுரைகள், பிறரது ஆய்வுகளை மதிப்பிட்ட அனுபவம், துறைக்கு அளித்த முக்கியத்துவம் வாய்ந்த புதிய பங்களிப்பு ஆகிய மூன்றையே விஞ்ஞானிகள் பெரும்பாலும் முன்வைக்கின்றனர். முதல் இரண்டும் ஆய்வுத் துறையில் பலரிடமும் இருப்பவை. மூன்றாவதை நிறுவுவதே கடினம். தமது கண்டுபிடிப்பைப் பிறர் எங்கே, எவ்வாறு பயன்படுத்தினர் என்பதற்கு ஆவணங்கள் வேண்டும். பாராட்டுக் கடிதங்கள் மட்டும் போதா.

இயற்பியலாளர் ஒருவர் தொடுத்த 'கசாரியன்' வழக்கில் 2010ஆம் ஆண்டு மேன்முறையீட்டு நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இங்கு குறிப்பிடத்தக்கது. கட்டுரைகள் வெளியாகியிருப்பதே அந்த அளவுகோலுக்குப் போதுமானது என நீதிமன்றம் ஏற்றது. ஆனால் அவர் நிறைவு செய்தவை இரண்டே என்பதால் மனு நிராகரிக்கப்பட்டது சரி எனவும் அது முடிவு செய்தது. இதன் பின்னர் குடிவரவுத் துறை இரு கட்டப் பரிசீலனையைக் கைக்கொண்டது. முதலில் அளவுகோல்களின் எண்ணிக்கை. அடுத்து, சான்றுகள் அனைத்தையும் சேர்த்து எடைபோடுதல். ஆகவே மூன்றை நிறைவு செய்தவரும் இரண்டாம் கட்டத்தில் நிராகரிக்கப்படலாம்.

பிறந்த நாடு

மனு ஏற்கப்பட்டாலும் கிரீன் கார்டு உடனே கிடைப்பதில்லை. வேலை அடிப்படையில் ஆண்டுக்குச் சுமார் 140,000 விசாக்களே ஒதுக்கப்படுகின்றன. அவற்றில் 28.6 சதவீதம், அதாவது சுமார் 40,000, முதல் முன்னுரிமைப் பிரிவுக்கு உரியவை. பன்னாட்டு நிறுவனங்களின் மேலாளர்களும், விண்ணப்பதாரர்களின் வாழ்க்கைத் துணைவர்களும் பிள்ளைகளும் இதே எண்ணிக்கைக்குள் அடங்குவர்.

இதற்கும் மேலாக, ஒரு நாட்டவருக்குப் பொதுவாக 7 சதவீதம் என்ற வரம்பு உண்டு. குடியுரிமை அல்ல, பிறந்த நாடே இதில் கணக்கிடப்படுகிறது. சென்னையில் பிறந்து கனடியக் குடியுரிமை பெற்றவரும் நீண்ட இந்திய வரிசையிலேயே நிற்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் பிறந்தவர் அந்த வரிசையில் சேர்க்கப்படுவதில்லை. கணவரோ மனைவியோ வேறு நாட்டில் பிறந்திருந்தால், அந்த நாட்டின் கணக்கில் விண்ணப்பிக்கச் சட்டம் இடமளிக்கிறது.

இரண்டாம் முன்னுரிமைப் பிரிவில் இந்தியாவில் பிறந்தோரின் காத்திருப்பு பத்தாண்டுகளைக் கடந்துள்ளது. முதல் பிரிவிலும் அது சில ஆண்டுகளாகியுள்ளது. அந்த இடைவெளியில் 21 வயதைக் கடக்கும் பிள்ளைகள், பெற்றோருடன் சேர்ந்து உரிமை பெறும் தகுதியை இழக்கக்கூடும். இரண்டாம் பிரிவில் ஏற்கனவே மனு ஏற்கப்பட்டவர்கள், அதன் முன்னுரிமைத் தேதியை முதல் பிரிவுக்குக் கொண்டுசெல்ல முடியும் என்பது ஓர் ஆறுதல்.

ஒருவரது சாதனையைத் தனித்து அளந்து பார்க்கும் சட்டம், அளந்து முடித்த பின் அவர் எங்கு பிறந்தார் என்று கேட்கிறது. முதல் கேள்விக்கு உழைப்பால் பதில் தேடலாம். இரண்டாவது கேள்விக்கு அவ்வாறு பதில் தேட முடியாது.